அம்பலம் ஏறாத சொல்

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக நடுவண் அரசு ஏலம் விட்ட செய்தி 2024 நவம்பரில் வெளியாயிற்று. அம்மாதம் 23-ஆம் நாள் கூடிய கிராம சபைகள் அதை ஏற்க மறுத்துத் தீர்மானம் இயற்றின. திசம்பர் 9 அன்று தமிழகச் சட்டப்பேரவையும் அவ்வாறே தீர்மானித்தது. புத்தாண்டு பிறந்ததும் மேலூர் வட்டாரத்து உழவர்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கிப் பெருந்திரளாக நடந்தார்கள். 2025 சனவரி 23-இல் ஏலம் கைவிடப்பட்டது.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரத்துக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. சென்னையின் இரண்டாம் வானூர்தி நிலையம் பரந்தூரில் அமையும் என 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அன்றுதொட்டு அவ்வூர்க் கிராம சபை திரும்பத் திரும்ப அத்திட்டத்தை எதிர்த்தே தீர்மானம் எழுதிற்று. ஊரார் வேலை முடிந்த இரவுகளில் கூடி அறவழியில் முழக்கமிட்டனர். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தனர். கம்பன் கால்வாய் பாய்ந்து ஏரிகளை நிரப்பும் வயல்வெளி அது. தீர்மானங்கள் தீர்மானப் புத்தகத்தில் இருந்தன. நிலமெடுப்பு வேலை தன் வழியே நடந்தது.

ஒரே சட்டத்தின்கீழ்க் கூடிய சபைகள். ஒரே பொருள் குறித்த தீர்மானங்கள். ஒன்றின் சொல் அம்பலம் ஏறியது. மற்றொன்றின் சொல் ஏறவில்லை. அரிட்டாபட்டியைக் காத்தது சட்டம் என்று எண்ணி ஆறுதல் கொள்வதற்கில்லை. மக்கள் திரண்டார்கள், மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்றது. ஆகவே சொல் ஏறிற்று. நிலம் கேட்பது மாநில அரசாகவே இருந்த இடத்தில் கிராம சபையின் தீர்மானம் வெறும் மனுவாகச் சுருங்கிப் போயிற்று. அரசுக்கு உகந்தபோது ஏற்கவும் உகவாதபோது தள்ளவும் கூடியது எதுவோ, அதற்கு உரிமை என்று பெயரிட இயலாது.

ஊர் தன்னைத் தானே ஆளும் உரிமையும், குடிமகன் தன் உடைமையை அச்சமின்றி வைத்திருக்கும் உரிமையும் இந்நாட்டில் தனித்தனியே பேசப்படுகின்றன. உள்ளாட்சி பற்றிப் பேசுவோர் நிதிப் பகிர்வோடு நின்றுவிடுகின்றனர். உடைமை பற்றிப் பேசுவோர் இழப்பீட்டோடு நின்றுவிடுகின்றனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, ஒன்று சாய்ந்தால் மற்றதும் நில்லாது என்பதே நம் கருத்து.

கிராம சபையில் ஒருவர் எழுந்து, குடிநீர்க் குழாய் பதித்த கணக்கு எங்கே என்று கேட்க நினைக்கிறார் என்று கொள்வோம். அவர் குடியிருப்பது புறம்போக்கு நிலம். மனைப்பட்டா கேட்டு அவர் கொடுத்த மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடக்கிறது. ஆக்கிரமிப்பை அகற்றும் அறிவிப்பு எந்நாளும் அவர் கதவில் ஒட்டப்படலாம். கேள்வி அவர் தொண்டையிலேயே நின்றுவிடும். மூன்று சென்ட் மனையானாலும் தன் பெயரில் பட்டா வைத்திருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவார்.

இனி, பட்டா உண்டு, ஊரின் துணை இல்லை என்றால் என்னாகும்? நிலமெடுப்பு அறிவிக்கை வெளியாகிறது. சிறு உழவர் ஆட்சேபனை மனுவோடு தனித்து நிற்கிறார். விசாரணை நடத்துபவர் அரசு அலுவலர். நிலம் கேட்பது அரசு. ஆட்சேபனையை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வதும் அரசு. அறிவிக்கை வந்த நாளே நிலம் பாதி செத்துவிடுகிறது. அதை அடகு வைத்துக் கடன் பெற முடியாது, விற்க முடியாது, கிணற்றைத் தூர்வாரவும் தென்னங்கன்று நடவும் மனம் வராது. எடுக்கவும் எடுக்காமல், விடவும் விடாமல் அப்படியே ஆண்டுகள் ஓடிய நிலங்கள் தமிழகத்தில் எத்தனையோ. பட்டா வைத்திருந்தும் அவர் உடைமையாளர் அல்லர்.

உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனங்களை மேடைதோறும் பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். பெருமைக்குரியவையே. ஆயினும் அவற்றை முழுமையாகப் படித்தல் வேண்டும். வாரியத்துக்கு நிற்பவருக்குக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். ஆகவே அது பிராமண நிலவுடைமையாளரின் சபை. அவ்வூர் வயலில் நாற்று நட்டவருக்கு அங்கே இடமில்லை. இதை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. அச்சாசனம் நமக்குக் கற்பிப்பது வேறொன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்ற விதி. ஊர்ப் பொதுவுக்குக் கணக்குக் காட்டும் கடமையைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள். உடைமையுள்ளோர் மட்டுமே சபையில் அமரலாம் என்ற அந்நாளைய வழக்கை நாம் தலைகீழாக்கிக் கொள்ள வேண்டும். சபையில் அமர உரிமையுள்ள எல்லாரும் உடைமையும் பெற வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்து வரலாறு இதைவிடக் கூரிய பாடம். 1792-இல் பாராமகாலைக் கைக்கொண்ட கும்பினி, அலெக்சாண்டர் ரீடையும் அவருடன் தாமஸ் மன்றோவையும் அங்கே வரி வகுக்க அமர்த்திற்று. அவர்கள் தொடங்கிய முறையே ரயத்வாரி. இடையில் ஜமீன்தார் இன்றி, உழவன் பெயரில் பட்டா கொடுத்து, அவனிடமே தீர்வை பெறுவது அது. மன்றோ உழவர்பால் அன்புடையவர் என்று இன்றும் நினைக்கப்படுகிறார். அது பொய்யன்று. தனிமனிதன் பெயரில் நிலம் பதிவானது ஒரு பெரிய மாற்றம். ஆனால் தீர்வை உயர்ந்திருந்தது. அதைக் குறைக்கக் கேட்கும் மன்றம் ஊரில் இல்லை. பட்டாக்காரனுக்கும் கலெக்டர் கச்சேரிக்கும் இடையே நின்றவர்கள் தாசில்தாரும் அவருடைய சேவகர்களுமே.

விளைவு என்ன? 1854-இல் ஆங்கில மக்களவையில் எழுந்த கேள்வியை அடுத்து, சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்கு உழவர்கள் வதைக்கப்படுகிறார்களா என ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டு அதன் அறிக்கை வந்தது. வதை உண்மை என்றது அறிக்கை. விரல்களை இரண்டு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் ஒரு கயிற்றில் பிணைத்துக் குனிந்தபடி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாள், முதுகில் கல்லேற்றுதல், உணவுக்கும் இயற்கைக் கடனுக்கும் விடாமல் அடைத்து வைத்தல். இவை அவ்வறிக்கையில் உள்ள கொடுமைகள். இவற்றுக்கு ஆளானவர்களில் பலர் பட்டாதாரர்கள். கையில் அரசு முத்திரையிட்ட தாள் இருந்தது. அதைக் காட்டி முறையிட ஓர் ஊர்மன்றம் இருந்திருந்தால் சேவகனின் கை ஓங்கியிராது. உடைமைத் தாள் மட்டும் மனிதனைக் காவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏரிகளின் கதையும் அவ்வாறே. ஊரார் தாமே கூடி ஏரி, கால்வாய்களைச் செப்பனிட்ட குடிமராமத்து மெல்ல நலிந்தது. பொதுப்பணித் துறை வந்தது. மதகு துறையின் உடைமையாயிற்று. கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை 1858-இல் இயற்றி ஊராரை வேலைக்கு இழுக்க அரசு முயன்றது. அதிகாரத்தை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் திருப்பித் தர முயன்ற அச்சட்டத்தால் குடிமராமத்து மீளவில்லை.

விடுதலைக்குப் பின் அரசமைப்பு அவையில் ஊராட்சி ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1948 நவம்பர் 4-இல் வரைவை முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் உறையும் இடமென்று கடிந்தார். அவர் கிராமத்தைப் புத்தகத்தில் கண்டவரல்லர். அதன் கொடுமையைத் தம் உடலில் உணர்ந்தவர். அம்மாதம் 22-ஆம் நாள் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் ஊராட்சிகளை அமைப்பது பற்றிய 40-ஆவது உறுப்பு அரசமைப்புச் சட்டத்தில் நுழைந்தது. அதுவும் நெறிமுறைக் கோட்பாடாக மட்டுமே. எந்த நீதிமன்றத்திலும் அதைக் காட்டிக் கேட்க முடியாது. உடைமையுரிமையோ அன்று அடிப்படை உரிமைகளில் ஒன்றாக, 19-ஆவது, 31-ஆவது உறுப்புகளில் அமர்ந்திருந்தது.

பிறகு நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 1951 முதல் திருத்தம் தொடங்கி, திருத்தம் மேல் திருத்தமாக உடைமையுரிமை தேய்ந்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் அதனை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே நீக்கி, சட்டத்தின் வழியன்றி ஒருவரின் உடைமை பறிக்கப்படலாகாது என்ற 300-ஏ உறுப்பாக வேறோர் இடத்தில் வைத்தது. ஊராட்சி எந்த இடத்தில் தொடங்கியதோ, உடைமை அங்கே வந்து சேர்ந்தது. இரண்டும் ஆட்சியாளரின் நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்கும் நிலை.

ஜமீன்களை ஒழிக்க அத்திருத்தங்கள் தேவைப்பட்டன என்பதை நாம் மறுக்கவில்லை. ஜமீன் ஒழிப்பையும் நில உச்சவரம்பையும் நாம் குறைகூறவில்லை. அவை உடைமையை அழித்தவை அல்ல. சிலரிடம் குவிந்ததைப் பலரின் உடைமையாக்க முயன்றவை. நம் குறை, பெருநிலக்கிழாரை எதிர்த்து உருவான வாள் பின்னாளில் இரண்டு ஏக்கர் உழவர்மீது பாய்ந்ததைப் பற்றியது. 1959-இல் நாகபுரி காங்கிரசின் கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது மூதறிஞர் இராசாசி எழுப்பிய கேள்வி இதுவே. அக்கட்சி பணக்காரர் கட்சி என்று ஏளனம் செய்யப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆயினும் சிறு உழவனின் வரப்பை அரசின் கையிலிருந்து காக்க வேண்டும் என்ற அவர் கூற்றைக் காலம் பொய்யாக்கவில்லை.

இமாசலப் பிரதேசத்தில் எழுத்தறிவில்லாத ஒரு கைம்பெண்ணின் நிலத்தில் 1967-68-இல் அரசு சாலை போட்டது. நிலமெடுப்பு நடவடிக்கை இல்லை, இழப்பீடு இல்லை. அவர் எண்பது வயதில் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். இத்தனை ஆண்டுகள் அனுபவித்து வந்ததால் நிலம் தன்னதே ஆகிவிட்டது என்று அரசு வாதாடிற்று. குடிகளின் நிலத்தைக் காக்கக் கடமைப்பட்ட அரசு, அந்நிலத்தை அனுபோகத்தால் உரிமையாக்கிக் கொண்டதாகச் சொல்லலாமா? கூடாது என்று 2020 சனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கச் செய்தது. உடைமை அடிப்படை உரிமையாக இருந்த நாளில் பறிபோன நிலம் அது. அரை நூற்றாண்டு அவருக்காகக் குரல் கொடுக்க அவ்வூரில் ஒரு மன்றம் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

2024-இல் உச்ச நீதிமன்றம் மேலும் இரு தீர்ப்புகளால் 300-ஏ உறுப்புக்கு உயிரூட்டியுள்ளது. மே 16-இல், கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், முன்னறிவிப்பு, செவிமடுத்தல், காரணம் காட்டும் முடிவு, பொதுநோக்கம், நேரிய இழப்பீடு, காலத்தே முடித்தல், நிலத்தை உரிய முறையில் அடைந்து முடிவுகட்டல் எனும் ஏழும் அவ்வுரிமையில் அடங்கியவை என்றது. நவம்பர் 5-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம், தனியார் உடைமை யாவும் சமுதாயத்தின் பொருள்வளமே என்று கொள்ளலாகாது என்று பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. நன்றே. ஆனால் உச்ச நீதிமன்றம் தில்லியில் இருக்கிறது. ஏகனாபுரத்து உழவருக்கு எட்டும் தொலைவில் இருப்பது ஊராட்சி அலுவலகம்.

உடைமையுரிமை வலியோரின் கோட்டை, உள்ளாட்சி ஆதிக்கச் சாதியின் அரியணை என்று சொல்வோர் உண்டு. மதித்து விடையளிக்க வேண்டிய வாதம் இது. அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. ஒதுக்கீட்டால் ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 சூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே பத்தாண்டுகள் ஊராட்சியை இயங்கவிடாமல் செய்தார்கள். அம்பேத்கர் அஞ்சியது மெய்யே என்பதற்கு இவை குருதியில் எழுதிய சான்றுகள்.

ஆனால் 2006 அக்டோபரில் அரசு உறுதி காட்டிய பின் அந்நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் அமர்ந்தார்கள். நோய் சபையில் இல்லை, சபைக்குள் நுழையவிடாத கையில் இருந்தது. அக்கையைப் பிடிப்பது அரசின் கடமை. சபையையே பூட்டிவிட்டு அதிகாரியிடம் சாவி கொடுத்தால், ஒடுக்கப்பட்டவருக்குக் கிடைத்த ஒரே நாற்காலியும் போய்விடும். முருகேசன் உயிர் கொடுத்தது அந்த நாற்காலிக்காக.

உடைமை பற்றியும் இதையே சொல்வோம். செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, மறு ஆண்டு வந்த ஆணையால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கலாகாது என்ற காப்பும் அதற்கு இருந்தது. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. பதிவேட்டில் பெயர் மாறியது, வகைப்பாடு மாறியது, கேட்க ஆளில்லை. காரணையில் அந்நிலத்தை மீட்கப் போராடியவர்களில் இருவர் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல்துறையின் குண்டுக்கு இரையாயினர். நிலக்கிழாருக்கு அரசமைப்புச் சட்டத்தின் காப்பு பெரிதாகத் தேவைப்படுவதில்லை; அவருக்கு வழக்கறிஞரும் செல்வாக்கும் உண்டு. பட்டாவின் ஒவ்வோர் எழுத்தும் காக்கப்பட வேண்டியது எளியோருக்கே. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்டதும், 1989-இல் தமிழகம் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு தந்து சட்டம் செய்ததும் இதே நெறியில் நடந்த நடைகள். உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் இதே மாநிலமே. உடைமையும் இருக்கையும் சேர்ந்தே ஒருவரை நிமிர்த்தும் என்பதை அன்று அறிந்திருந்தோம்.

நிலமெடுப்பில் அவ்வறிவு எங்கே போயிற்று? 1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தை நீக்கி நாடாளுமன்றம் 2013-இல் புதிய சட்டம் இயற்றியது. தனியார் நிறுவனத்துக்காக நிலமெடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு 80, அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டத்துக்கு நூற்றுக்கு 70 என்ற அளவில் இசைவு பெற வேண்டும் என்றது; ஊராட்சியோடு கலந்து சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும் என்றது. 2014 சனவரி 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசோ 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலைகளுக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றையும் அதன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிற்று. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் புதிய சட்டத்தின்படி. இசைவும் தாக்க ஆய்வும் இல்லை. 2019 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அவ்வாண்டே பேரவை மீட்புச் சட்டம் இயற்றிற்று. 2021 சூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

பேரவைக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். அவ்வதிகாரத்தை அவ்வாறு செலுத்துவது அறமா என்று அது சொல்லவில்லை, சொல்வது அதன் வேலையுமன்று. மாநில உரிமைக்காக முக்கால் நூற்றாண்டாகக் குரல் கொடுக்கும் மண் இது. தில்லி நம்மைக் கேளாமல் முடிவெடுக்கலாகாது என்று நாம் சொல்வது முற்றிலும் நேரிய வாதம். அதே வாதத்தை ஏகனாபுரம் சென்னையை நோக்கிச் சொல்லும்போது அதற்குச் செவி கொடுக்காதிருத்தல் முறையாகாது. பரந்தூருக்கான நிலமெடுப்பும் அந்த 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நடப்பது. இழப்பீடு உயர்த்தித் தரப்படுகிறது என்பது விடையாகாது. விற்க விரும்பாதவரிடம் விலையை உயர்த்திச் சொல்வது அவரைக் கேட்டதாக ஆகாது.

சபையின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தபோது ஐந்தாண்டுக் காலமும், அக்காலம் முடியுமுன்பே தேர்தலும் கட்டாயமாயின. தமிழகத்தில் 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிகளுக்கு 2019 திசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டுமே. எஞ்சிய ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. அந்த 27 மாவட்டங்களின் காலமும் 2025 சனவரி 5-இல் முடிந்தது. மீண்டும் தேர்தல் இல்லை; மீண்டும் தனி அலுவலர்கள். சட்டமன்றத்தின் காலம் முடிந்து ஒரு திங்கள் தேர்தல் தள்ளிப்போனால் நாடே கொந்தளிக்கும். பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளைக் கொண்ட மாநிலத்தில் ஊர்மன்றங்கள் வெறுமையாய்க் கிடப்பதை ஒரு செய்தியாகக்கூட யாரும் பொருட்படுத்துவதில்லை.

தேர்தல் நடந்தால் மட்டும் என்ன அதிகாரம் வந்துவிடுகிறது? மக்கள் தேர்ந்த தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரம் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஊராட்சிக்கு 29 துறைகளைப் பகிர்ந்தளிக்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டம். அளித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. நாடு முழுவதும் ஊராட்சிகளின் வருவாயில் அவை தாமே தண்டும் வரி நூற்றில் ஒரு பங்கு அளவே என்று 2024 தொடக்கத்தில் வந்த ரிசர்வ் வங்கி அறிக்கை காட்டிற்று. தன் காசில் ஒரு தெருவிளக்கை மாற்ற இயலாத மன்றம் ஒரு பெருந்திட்டத்தை மறுத்துப் பேசினால் யார் மதிப்பார்?

வானூர்தி நிலையம் வேண்டாமா, சாலை வேண்டாமா, தொழிற்சாலை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். பொதுநலனுக்காக நிலத்தைப் பெறும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருந்தே ஆக வேண்டும் என்பதையும் ஏற்கிறோம். அவ்வதிகாரம் கேட்டுப் பெறுவதாக இருக்க வேண்டும் என்பதே வழக்கு. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் எடுக்கலாமா என்பதைக் கிராம சபைகளே ஆய்ந்து சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. டோங்ரியா கோந்து மக்களின் 12 சிற்றூர்கள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. நாட்டின் வளர்ச்சி அதனால் நின்றுவிடவில்லை. மறுக்கும் உரிமை இருந்தால்தான் இசைவுக்கும் மதிப்பு உண்டு. இசைவு பெற வேண்டிய கட்டாயம் இருக்குமானால், ஏரிகளை விட்டு விலகிய இடத்தைத் தேடவும், நிலம் தருவோரைத் திட்டத்தின் பங்காளராக்கவும் திட்டம் தீட்டுவோர் தாமே முன்வருவர்.

செய்ய வேண்டியவை சட்டப்பேரவையின் கைக்கு எட்டியவையே. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் திருத்தி, கிராம சபையின் இசைவும் நிலமிழப்போரின் இசைவும் இன்றி நிலமெடுப்பதில்லை என்று எழுத வேண்டும். அவ்விசைவு கைதூக்கிப் பெறுவதாக இருத்தல் ஆகாது. வாக்குச்சீட்டில், மறைவாக, பெண்களும் கூலி உழவர்களும் யாருக்கும் அஞ்சாமல் அளிப்பதாக இருத்தல் வேண்டும். ஊர்ப் பெரியவரின் கண்ணுக்கெதிரே தூக்கும் கை தன் விருப்பத்தைச் சொல்லாது என்பதை மேலவளவு நமக்குச் சொல்லியிருக்கிறது. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு ஆகிய வேலைகள் பதவிக்காலம் முடியும் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிக்கப்பட வேண்டும். அதில் தவறினால் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டமே பெயரிட்டுச் சொல்ல வேண்டும். தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியரிடமிருந்து விலகி, நீதித்துறை சார்ந்த ஒருவரிடம் போக வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கலாம். நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1980-களில் நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் நேர்ந்த பிழைகளால் இன்றும் எத்தனையோ உழவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்து நிலத்தின் உட்பிரிவு தம் பட்டாவில் ஏறியிருக்கும்; தம் கிணறு அடுத்தவர் சிட்டாவில் இருக்கும்; இறந்த பாட்டனார் பெயர் அப்படியே நிற்கும். நிலத்தை எடுக்க அறிவிக்கை வந்தபின்தான் பலருக்கு இது தெரிய வருகிறது. இழப்பீட்டுத் தொகை நீதிமன்ற வைப்பில் முடங்குகிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்றை நிலப் பதிவேட்டுக்கென்று ஒதுக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் அ-பதிவேட்டைக் கொண்டுவந்து புல எண் வாரியாக உரக்கப் படிக்கட்டும். பஞ்சமி நிலம் எது, மேய்க்கால் எது, ஏரிப் புறம்போக்கு எது, யார் பெயரில் எது என்று ஊரார் முன் சொல்லட்டும். பிழை சுட்டப்பட்டால் தீர்மானப் புத்தகத்தில் அப்போதே ஏறட்டும். மூன்று திங்களுக்குள் வட்டாட்சியர் விடை சொல்லட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வருவாய்த் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து பிறப்பிக்கும் ஓர் அரசாணை போதும்.